நீல மாத்திரை யாருக்கு?

எங்கள் பள்ளிக் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. பிள்ளைகளுக்கு வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாளில் அதன் அடியில் போய்ப் பார்த்தால், மண்ணில் நீல நீலமாகக் கிடக்கும். சிலது முழுசாக இருக்கும். சிலது வாயில் போட்டு, டீச்சர் தலை திரும்பியதும் துப்பியது. சாயம் பாதி போயிருக்கும்.

அறிவியல் எடுக்கிறவள் என்பதால் மாத்திரைப் பொறுப்பு என் தலையில். "ஏண்டி துப்புறீங்க?" என்று கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். ஒரு நாள் ஒரு பெண்ணின் அம்மாவே வந்து கேட்டார்: "எம்புள்ள நல்லாத்தான டீச்சர் இருக்கா? சீக்குப் புள்ளைங்களுக்குக் குடுங்க. இவளுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. "கவர்ன்மென்ட் கொடுக்கச் சொல்லியிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

"ரத்தம் கம்மி" என்றால் என்ன கம்மி?

"புள்ளைக்கு ரத்தம் கம்மியாம்" என்று சொல்கிறோம். கேட்பவர்கள் மனதில் பாதி காலியான தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு படம் வரும். அது தவறான படம். ரத்தசோகை உள்ள பிள்ளையின் உடம்பிலும் ரத்தத்தின் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குறைந்திருப்பது அந்த ரத்தம் தூக்கிச் செல்லும் சுமை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் அண்டா நிறைய சாம்பார் இருக்கிறது. பந்தியில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பரிமாறவும் ஆட்கள் உண்டு. ஆனால் வாளி போதவில்லை. பத்துப் பேருக்கு நாலு வாளி. என்ன நடக்கும்? இருக்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடோடிப் பரிமாறுவார்கள். முதல் வரிசை எப்படியோ சமாளிக்கும். கடைசி வரிசை வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அடுப்படிதான் நுரையீரல். சாம்பார்தான் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன். பரிமாறும் ஆட்கள் ரத்தத்தின் சிவப்பணுக்கள். அவர்கள் கையில் இருக்கும் வாளிதான் ஹீமோகுளோபின்: சிவப்பணுவுக்குள் இருந்து ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம். அந்த வாளியை அடிக்க இரும்பு வேண்டும். ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு. ஆக்சிஜன் வந்து ஒட்டுவது அந்த இரும்பில்தான்.

இந்த வாளிகள் வயதுக்குத் தக்க அளவுக்குக் கீழே போவதே ரத்தசோகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 முதல் 11 வயதுக்கு 11.5 கிராம், 12 முதல் 14 வயதுக்கு 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. அதற்குக் கீழே இருந்தால் சோகை.

வாளி குறைந்தால் ஆட்கள் ஓடுவார்கள் என்றேன் அல்லவா? உடம்பில் அந்த ஓட்டம்தான் படபடப்பு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். கடைசி வரிசை பட்டினி கிடப்பதுதான் சோர்வு, தலைச்சுற்றல், மூன்றாம் பீரியடில் கண் சொருகுவது. "சோம்பேறி", "கவனமே இல்ல" என்று நாமும் ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். நானும் வைத்திருக்கிறேன்.

சுருக்கமாக: சோகை என்றால் ரத்தம் வற்றுவது அல்ல, ஆக்சிஜன் தூக்கும் வாளி குறைவது. இரும்பு இல்லாமல் வாளி இல்லை. (சோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளிடம் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்பை.)

நன்றாக இருக்கும் பிள்ளையின் பத்தாயம்

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

உடம்பு இரும்பை வீணாக்காது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அது செத்ததும் அதிலிருந்த இரும்பைப் பிரித்தெடுத்து, எலும்பு மஜ்ஜையில் புது அணு செய்யப் பயன்படுத்திக்கொள்ளும். ஓட்டை விழுந்த வாளியை உருக்கிப் புது வாளி அடிப்பது போல. அதனால் ஒரு பெரியவர் நாளொன்றுக்கு இழக்கும் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். மிச்சம் இருப்பதைச் சேமித்தும் வைக்கும். இந்தச் சேமிப்பின் பெயர் ஃபெரிட்டின். பெரிய பகுதி கல்லீரலில் இருக்கிறது. வீட்டுப் பத்தாயத்தில் நெல் கொட்டி வைப்பது மாதிரி.

அறுவடை பொய்த்த வருடம் முதல் நாளிலேயே யாரும் பட்டினி கிடப்பதில்லை. பத்தாயத்தில் இருப்பதை எடுத்துக் குத்திச் சமைப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வீட்டில் ஒரு குறையும் தெரியாது. மூன்று வேளையும் அடுப்பு எரியும். உள்ளே பத்தாயத்தின் அடித்தளம் தெரிய ஆரம்பித்திருக்கும்.

இரும்பும் அப்படித்தான் குறைகிறது. முதலில் சேமிப்பு கரையும். அந்த நிலையில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்தால்கூட அளவு சரியாகவே காட்டலாம். பிள்ளை ஓடும், ஆடும், சண்டை போடும். சேமிப்பு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் வாளி குறையத் தொடங்கும். முகம் வெளிறி, இமையைக் கீழே இழுத்தால் வெளுத்துத் தெரிவதெல்லாம் அதற்கும் பிறகு. ஆக, "நல்லா இருக்கா" என்பதும் "பத்தாயம் நிறைய இருக்கு" என்பதும் ஒன்றல்ல.

வளரிளம் பருவத்தில் பத்தாயம் வேகமாகக் காலியாக இரண்டு காரணம். ஒன்று வளர்ச்சி: உடம்பு பெரிதாகும்போது ரத்தத்தின் மொத்த அளவும் கூடுகிறது. பந்தி பெரிதாகிறது, புது வாளி வேண்டும். இரண்டாவது, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய். 1 மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 30, 40 மில்லி ரத்தம் போனால் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. இது சாதாரண அளவு. அதிகம் போகிற பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்வதில்லை.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். பையன்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி.

பீட்ரூட் ஜூஸ் போதாதா?

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைக்கும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. பீட்ரூட்டின் நிறம் வேறொரு சாயப் பொருளிலிருந்து வருகிறது. இரும்பு அதில் குறைவு. பேரீச்சம்பழத்திலும் விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை. நம் கம்பும் கேழ்வரகும் இவற்றைவிட மேல்.

இன்னொரு விஷயம், தட்டில் இருக்கிற இரும்பு வேறு, உடம்பில் சேர்கிற இரும்பு வேறு. கீரை, பயறு, தானியத்தில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். இறைச்சியில் உள்ள இரும்பு அதைவிடச் சுலபமாகச் சேரும். நம் ஊரில் வெளிறிப்போன பிள்ளைக்குக் கறிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுப்பார்கள். சுவரொட்டி என்பது மண்ணீரல். பழைய சிவப்பணுக்களை உடைக்கும் உறுப்பு அது, எனவே இரும்பு நிறைய. பாட்டிமார் இந்த ஒன்றில் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வழி எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி. இவற்றின் வைட்டமின் சி, செடியிலிருந்து வரும் இரும்பைக் குடல் ஏற்றுக்கொள்ள உதவும். டீயும் காபியும் நேர் எதிர். சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ குடித்தால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். காலையில் டீயும் வர்க்கியும் மட்டும் தின்றுவிட்டு வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

உணவு போதாது என்று சொல்லவில்லை. பத்தாயம் காலியாகும் வேகத்துக்கு நம் வழக்கமான சாப்பாடு பல வீடுகளில் ஈடு கொடுப்பதில்லை. அந்த இடைவெளிக்குத்தான் மாத்திரை.

காலடி மண்ணிலிருந்து ஒரு திருடன்

இரும்பு மாத்திரையோடு சேர்ந்து வரும் இன்னொன்று பூச்சி மாத்திரை. இதன் பெயர் அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதி மாத்திரை. இதை விழுங்கக் கூடாது, மென்று தின்ன வேண்டும்.

"மிட்டாய் தின்னா வயித்துல பூச்சி வைக்கும்" என்பது பொய். குடற்புழு மண்ணிலிருந்து வருகிறது. உருண்டைப்புழுவின் முட்டை, வெளியில் மலம் கழித்த மண்ணிலிருந்து கை, காய்கறி, தண்ணீர் வழியாக வாய்க்குள் போகிறது. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். ஆனால் ரத்தசோகைக்கு முக்கியமான எதிரி கொக்கிப்புழு: குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும் சிறு புழு. இது வாய் வழியாக வருவதைவிட வெறுங்கால் வழியாக வருவதே அதிகம். ஈர மண்ணில் பொரிந்த குட்டிப் புழு பாதத் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். ரத்தத்தில் மிதந்து நுரையீரலுக்குப் போகும், தொண்டைக்கு ஏறும், விழுங்கப்பட்டுக் குடலில் போய் உட்காரும். இந்தப் பயணத்தைச் சொல்லும்போது வகுப்பில் பேச்சு மூச்சு இருக்காது. பாடப் புத்தகத்தில் வேறு எதற்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

கொக்கிப்புழுவில் ஒருவகை நாளைக்கு 0.15 முதல் 0.2 மில்லி ரத்தம் குடிக்கும். இன்னொரு வகை அதில் ஐந்தில் ஒரு பங்கு. பெரிய குடிகாரன் பத்து இருந்தால் நாளைக்கு ஒன்றரை, இரண்டு மில்லி. இரும்புக் கணக்கில் 1 மில்லிகிராமை நெருங்குகிறது. அதாவது ஒரு பெரியவர் உடம்பு இயல்பாக இழப்பது எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே அளவு கூடுதலாக, தினம்.

இதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய பங்கு உண்டு. 1909இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு ஆணையம் ஒன்று தொடங்கியது. அந்த ஊர் ஏழை மக்களைச் சோம்பேறிகள் என்று அதுவரை கேலி செய்துகொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தால் பெரும்பாலான இடங்களில் புழு. சில ஆண்டுகளில் அதே இயக்கம் இலங்கையின் தோட்டங்களுக்கும் வந்தது. அங்கே வெறுங்காலில் மலையேறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நம் தமிழர்கள்.

இதுவரை: சேமிப்பு கரைவது வெளியே தெரியாது, வளர்ச்சியும் மாதவிடாயும் அதைக் கரைக்கின்றன, புழு இருந்தால் திருட்டும் சேர்ந்துகொள்கிறது.

ஏன் எல்லாருக்கும்?

மாத்திரை என்றால் நோய்க்கு மருந்து என்றே பழகிவிட்டோம். காய்ச்சல் வந்தவருக்குத்தானே காய்ச்சல் மாத்திரை? பள்ளி மாத்திரை அந்த வகை இல்லை. ஊர் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடுகிறார்கள். யார் வீட்டில் வயிற்றுப்போக்கு என்று கேட்டுக்கொண்டா போடுகிறார்கள்? மொத்தத் தண்ணீரிலும் போடுகிறார்கள். அயோடின் சேர்த்த உப்பும் அப்படித்தான். இதற்கு தடுப்பு நடவடிக்கை என்று பெயர்: நோய் வந்தவரைத் தேடாமல், ஆபத்தில் இருக்கும் கூட்டம் முழுவதற்கும் சிறு அளவில் பாதுகாப்புக் கொடுப்பது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஃபெரிட்டின் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கலாமே? செய்யலாம். மாத்திரையின் விலையைவிடப் பரிசோதனையின் செலவு பல மடங்கு. முடிவு வருவதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். புழு விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு: பத்துப் பேரில் நான்கு பேருக்கு மட்டும் கொடுத்தால், தவறவிட்ட ஒருவர் வழியாக மண்ணுக்கு முட்டை போய்க்கொண்டே இருக்கும். ஒரே நாளில் எல்லாருக்கும் கொடுத்தால் மண்ணுக்குள் போகும் முட்டை குறையும். புழு இல்லாத பிள்ளைக்கு அந்த ஒற்றை மாத்திரையால் பெரிய கெடுதல் இல்லை.

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் 2012–13 வாக்கில் 10 முதல் 19 வயதினருக்காக வந்தது. 2018இல் ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில் அளவும் நிறமும் ஒழுங்குபடுத்தப்பட்டன. 10 முதல் 19 வயதுக்கு நீலம்: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு: 45 மில்லிகிராமும் 400 மைக்ரோகிராமும். ஃபோலிக் அமிலம் என்பது புது ரத்த அணு உருவாகத் தேவையான ஒரு பி வைட்டமின்.

வாரம் ஒன்றுதானா, போதுமா என்று கேட்பார்கள். பத்தாயம் காலியாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த அளவு. ஏற்கெனவே சோகை வந்துவிட்ட பிள்ளைக்கு இது போதாது. அந்தப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், மருத்துவர் சொல்லும் அளவில் தினசரி மாத்திரையாகச் சில மாதம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "ஸ்கூல்லதான் குடுக்குறாங்களே" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையைத் துப்புவதைவிட அது எனக்குப் பெரிய கவலை.

எல்லாருக்கும் என்றாலும் விலக்கு உண்டு. தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) போன்றவற்றால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே மிகுதி. அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அன்று காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருக்கிற பிள்ளைக்கும் அன்று வேண்டாம். அதனால்தான் பெற்றோர் பிள்ளையின் நோய் விவரத்தை வகுப்பாசிரியரிடம் மறைக்கக் கூடாது.

பயங்கள்

மலம் கறுப்பாகப் போகும். உறிஞ்சாமல் மிஞ்சிய இரும்பு வெளியேறும் நிறம் அது. கெட்ட ரத்தம் இல்லை.

"பொண்ணுங்களுக்குப் பின்னாடி குழந்தை தங்காதாம்" என்று ஒரு புரளி அவ்வப்போது கிளம்பும். கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுப்பதும் இதே இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான், அதுவும் தினமும். இதைச் சொன்னாலே பல அம்மாக்களுக்குத் தாங்கள் சாப்பிட்ட சிவப்பு மாத்திரை நினைவுக்கு வந்துவிடும்.

குமட்டல், வயிற்று எரிச்சல் உண்மை. வெறும் வயிற்றில் போட்டால் நிச்சயம் சிலருக்கு வரும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் பக்கத்தில் நிற்கிற நான்கு பேருக்குத் தலை சுற்றும். பயம் அப்படித் தொற்றும்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. இரும்பு மாத்திரை மிட்டாய் போலப் பளபளப்பாக இருக்கும், கையளவு விழுங்கினால் கல்லீரலைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். 2023 மார்ச்சில் ஊட்டியில், யார் அதிகம் விழுங்குவது என்று மாணவிகள் பந்தயம் கட்டி விழுங்கியதில் ஒரு சிறுமி உயிரிழந்தார். அட்டை அட்டையாகப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவது, பெஞ்சில் விட்டுவிட்டுப் போவது இரண்டும் கூடாது. ஒரு பிள்ளை, ஒரு மாத்திரை, ஆசிரியர் கண் முன்னால். வீட்டிலும் தங்கச்சி தம்பி கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாத்திரை மட்டும் செய்ய முடியாதது

அல்பெண்டசோல் குடலில் இருக்கும் புழுவுக்குச் சர்க்கரை கிடைக்கவிடாமல் செய்து கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. கழிப்பறை இல்லாத பள்ளியில் ஆறு மாதத்தில் புழு திரும்பி வரும். கழிப்பறை, சோப்பு, தண்ணீர், செருப்பு எல்லாம் இதே திட்டத்தின் பாகம்தான், வேறு வேறு துறைப் பெயரில் வந்தாலும். அரசுப் பள்ளியில் கொடுக்கும் விலையில்லாக் காலணியை நான் ரத்தசோகைத் திட்டமாகவே பார்க்கிறேன்.

அதே மாதிரிதான் சாப்பாடும். 1956இல் காமராஜர் காலத்தில் விரிந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். பசியாற்றுவதோடு, மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் பார்த்துக்கொள்வதும் இவற்றால்தான் முடிகிறது. காலை உணவு தொடக்கப் பள்ளிகளுக்குத்தான். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு அது இல்லை.

வேப்பமரத்தடி விஷயமும் இதில்தான் முடிச்சவிழ்ந்தது. நாங்கள் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தது காலைப் பிரேயர் முடிந்ததும். எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், எண்ணிக் கொடுக்க வசதி. வசதி எங்களுக்கு. பாதிப் பேர் டீ மட்டும் குடித்துவிட்டு வந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். குமட்டாமல் என்ன செய்யும்? அந்த அம்மா வந்துபோன அடுத்த வாரம், தலைமையாசிரியரிடம் கேட்டு நேரத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினோம். எண்ணிக் கொடுப்பது முன்னைவிடத் தொல்லை. கை கழுவப் போனவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் மரத்தடியில் இரண்டு கிடந்தன.